தமிழ் ஓப்பன் சோர்ஸ் கருவியைச் சோதிக்க எந்த டேட்டா, எந்த மெஷின்?

படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் தமிழ் ஓசிஆர் கருவியோ, பேச்சை எழுத்தாக்கும் நிரலோ, பிழைதிருத்தியோ எழுதி நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டுவிட்டீர்கள். நாலு பேர் பயன்படுத்துகிறார்கள், இரண்டு பேர் திருத்தமும் அனுப்புகிறார்கள். இனிமேல்தான் வேலையே. வந்த திருத்தத்தைச் சேர்த்தால் நேற்று வரை சரியாக ஓடியது இன்று உடையுமா என்று தெரிய வேண்டும், அதைத் தெரிந்துகொள்ள டேட்டா வேண்டும், ஓட்டிப் பார்க்க மெஷின் வேண்டும். சென்னையில் லினக்ஸ் கூட்டமோ பைத்தான் கூட்டமோ எங்கே போனாலும், பேச்சு முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் யாராவது ஒரு மாணவர் கேட்பது இதைத்தான்: டேட்டாசெட் எங்கே கிடைக்கும், ஜிபியு (மாடல்களை வேகமாக ஓட்டும் சிப்) யார் கொடுப்பார்கள்?

பெரும்பாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகத் தேடுகிறார்கள், கிடைத்ததிலேயே பெரியதை எடுத்துக்கொள்கிறார்கள். நான் வேறு மாதிரி தேர்ந்தெடுக்கச் சொல்வேன். முன்பின் அறிமுகம் இல்லாத ஒரு மாணவி தாம்பரம் பக்கம் ஹாஸ்டலில் உட்கார்ந்து, 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் உங்கள் ரிப்போவை (நிரல் கோப்புகளின் தொகுப்பை) இறக்கி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் சோதனை ஓட வேண்டும், உங்களுக்கு வந்த அதே விடை அவருக்கும் வர வேண்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல், கார்டு நம்பர் கொடுக்காமல். கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன். மாடலைப் பயிற்றுவிப்பது வேறு கதை, அதற்கு வேறு கணக்கு. இங்கே பேசுவது சோதனையைப் பற்றி மட்டும்.

எழுத்து டேட்டா

ஓசிஆர் எழுதுபவர்களுக்கு என் முதல் பரிந்துரை தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் ஸ்கேன் பக்கம் ஒரு புறம், தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்த எழுத்து மறுபுறம் என்று கேள்வியும் விடையும் சேர்ந்தே கிடைக்கும் இடம் அது. பக்கத்துக்குப் பக்கம் நிறம் போட்டிருப்பார்கள். சிவப்பு என்றால் இன்னும் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்திருக்கிறார், பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். சோதனைக்குப் பச்சைப் பக்கங்களை மட்டும் எடுங்கள். சிவப்புப் பக்கத்தில் இருக்கும் எழுத்து பெரும்பாலும் இன்னொரு ஓசிஆர் போட்டுக் கொடுத்தது. அதை விடைத்தாளாக வைத்தால் உங்கள் கருவி சரியா என்று பார்க்கவில்லை, அந்த இன்னொரு கருவி செய்த தவறையே இதுவும் செய்கிறதா என்றுதான் பார்க்கிறீர்கள். கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஸ்கேன் ஏராளமாக உண்டு, பழைய அச்சு வகைகள் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் அவை பெரும்பாலும் படமாகத்தான் இருக்கின்றன, விடையை நீங்களே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

பிழைதிருத்தி, தேடல், சொல் பிரிப்பு மாதிரி வேலைகளுக்கு மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிப்பீடியாவும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, சங்க இலக்கியம் முதல் போன நூற்றாண்டு உரைநடை வரை தன்னார்வலர்கள் உள்ளிட்ட நூல்கள் அங்கே இருக்கின்றன. கோப்பின் தலைப்புப் பக்கத்தை மாற்றாமல் வைத்திருந்தால் தாராளமாகப் பகிரலாம் என்பது அவர்கள் நிபந்தனை. ஆகவே அதில் இருந்து ஒரு பத்தியை வெட்டி டெஸ்ட் கோப்பில் போடும்போது அந்தத் தலைப்பையும் சேர்த்து வையுங்கள், அது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை. விக்கிப்பீடியா கட்டுரைகளை எல்லாம் சேர்த்துத் தரும் மொத்தக் கோப்பு இன்றைய தமிழுக்கு நல்லது, 2023-ல் இருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 (சிசி-பை-எஸ்ஏ: மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர வேண்டும்) உரிமத்தில் வருகிறது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பழைய மொத்தக் கோப்புகளைச் சில மாதங்களுக்குப் பிறகு தளத்தில் இருந்து எடுத்துவிடுவார்கள். டெஸ்ட்டில் அந்த முகவரியை நேரடியாக எழுதி வைத்தால் ஒரு நாள் காலையில் காரணமே புரியாமல் எல்லா டெஸ்ட்டும் தோல்வி என்று சிவப்பாக நிற்கும். தேவையான துண்டை எடுத்துத் தனியாகச் சேமித்துக்கொள்வதுதான் வழி. ஜெனோடோவில் வைத்தால் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடமும், மாறாத டிஓஐ என்ற அடையாள எண்ணும் கிடைக்கும். 2013-ல் தொடங்கி செர்ன் நடத்தும் சேவை அது, இலவசம்.

அளவு பெரிதாக இருந்தால் சோதனையும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ் யூனிகோடில் "கொ" என்பதை க-வுக்குப் பின் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும், சரி. ஆனால் "கௌரி"யில் அந்த ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் அடுத்து ள என்ற தனி எழுத்தும் போட்டு "கெளரி" என்று யாராவது அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது, கணினிக்கு அது வேறு சொல். "ஸ்ரீ"யும் அப்படித்தான், ஸ-வில் தொடங்கும் வடிவம் ஒன்று, ஶ-வில் தொடங்கும் வடிவம் ஒன்று, பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே தெரியும், என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது. இந்த மூன்றையும் பிடிக்க பத்து வரி போதும். பெரிய தொகுப்பில் இவை ஆயிரம் தடவை வந்தாலும் சராசரியில் கரைந்துவிடும்; 97 சதவீதம் இருந்தது 96.9 ஆனால் யாரும் நிறுத்திப் பார்க்க மாட்டார்கள். பத்து வரியில் ஒன்று உடைந்தால் உடனே தெரியும், எந்த வரி என்றும் தெரியும்.

அரசு ஆவணங்களையும் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். தமிழக அரசு 2010-ல் யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்று ஆணை போட்டது. அதற்கு முந்தைய பிடிஎஃப்கள் பலவற்றில், பிறகு வந்த சிலவற்றிலும்கூட, அந்தந்த எழுத்துருவுக்கே உரிய பழைய குறியீட்டில் தட்டச்சு செய்த தமிழ்தான் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். குறியீடு மாற்றி எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை டேட்டா இல்லை. எண்கள், அட்டவணைகள் வேண்டுமென்றால் மத்திய அரசின் திறந்த தரவுத் தளம் இருக்கிறது. அதற்கென்று 2017-ல் அறிவித்த தனி உரிமம் உண்டு, மூலத்தைக் குறிப்பிட்டால் எந்தப் பயன்பாட்டுக்கும் எடுக்கலாம்.

செய்தித்தாள் தளங்களைச் சுரண்டி எடுத்து யாரோ கேகிள் என்ற டேட்டா பகிர்வுத் தளத்தில் ஏற்றி வைத்த தொகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்றியவர் "பொது உடைமை" என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் பதிப்புரிமை பத்திரிகையிடமே இருக்கிறது, நாளை உங்கள் கருவியை ஏதாவது டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) சேர்க்கலாம் என்று வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பேச்சு டேட்டா

இங்கே தேர்வு அதிகம், குழப்பமும் அதிகம். கூகுள் வெளியிட்ட ஃப்ளூர்ஸ் 102 மொழிகளில் இருக்கிறது, மொழிக்கு ஏறக்குறைய 12 மணி நேரம், உரிமம் சிசி-பை (மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்), ஒரே வாக்கியங்கள் எல்லா மொழியிலும் இருப்பதால் மற்ற மொழிகளோடு ஒப்பிட வசதி. ஓப்பன்எஸ்எல்ஆர் தளத்தில் 65-ஆம் எண்ணில் தமிழ்த் தொகுப்பு ஒன்று இருக்கிறது, ஆண் குரலும் பெண் குரலும் சுத்தமான பதிவில், சிசி-பை-எஸ்ஏ உரிமத்தில். அதே தளத்தில் 127-ஆம் எண், பெங்களூரு ஐஐஎஸ்சியின் தொகுப்பு, சுமார் 150 மணி நேரம் வாசிப்புப் பேச்சு. மொசில்லாவின் காமன் வாய்ஸ் சிசி-ஜீரோ, அதாவது நிபந்தனை இல்லாத உரிமம், பதிப்பு எண்ணோடு வருகிறது. நம்மூர் ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத் குழு கத்பத், ஷ்ருதிலிபி, இண்டிக்வாய்சஸ் என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறது. கத்பத் 12 மொழிகளில் 1,684 மணி நேரம், ஷ்ருதிலிபி அகில இந்திய வானொலிச் செய்திகளில் இருந்து எடுத்தது, இண்டிக்வாய்சஸ் 22 மொழிகளில் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தது.

பட்டியலைப் பார்த்தால் ஏஐ4பாரத் தொகுப்புகள்தான் கண்ணை இழுக்கும். இயல்பான பேச்சுக்கு இண்டிக்வாய்சஸை அடிக்க ஆளில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் அதை இறக்க முதலில் லாகின் செய்து, நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு, டோக்கன் (கடவுச்சொல் மாதிரி ஒரு ரகசியக் குறி) எடுக்க வேண்டும். தனியாக ஆய்வு செய்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. திறந்த திட்டத்துக்கு இது பெரிய தடை, ஏனென்றால் வெளியாள் தன் ஃபோர்க்கில் (உங்கள் ரிப்போவின் தன் நகலில்) இருந்து புல் ரிக்வெஸ்ட்டாகத் திருத்தம் அனுப்பும்போது கிட்ஹப் உங்கள் ரகசிய டோக்கனை அந்த ஓட்டத்துக்குக் கொடுக்காது. கொடுக்கவும் கூடாது, அவர் எழுதிய நிரல் அதைத் திருடிக்கொண்டு போகலாம். ஆக, உங்கள் டெஸ்ட் அந்தத் தொகுப்பை நம்பியிருந்தால் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் முதல் முயற்சியே தோல்வி என்று காட்டும், தவறு அவர்கள் பக்கம் கொஞ்சமும் இல்லாமல். இரண்டாவது முறை அவர்கள் வர மாட்டார்கள்.

காமன் வாய்ஸிலும் இப்போது அதே மாதிரிதான், மொசில்லா டேட்டா கலெக்டிவ் தளத்துக்குப் போய் கணக்குத் தொடங்கி இறக்க வேண்டும். உரிமம் சிசி-ஜீரோ என்றாலும் இறக்கும்போது ஒப்புக்கொள்ளும் விதிகள் தனியாக இருக்கின்றன. பேசியவர் யார் என்று கண்டுபிடிக்க முயலக் கூடாது என்பது அதில் ஒன்று. மறுபகிர்வு பற்றி அங்கே எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் அதில் இருந்து எதையும் உங்கள் ரிப்போவில் போட வேண்டும்.

அதனால் என் தேர்வு இப்படி: ரிப்போவுக்குள்ளேயே வைக்கும் சிறிய தொகுப்புக்கு ஃப்ளூர்ஸில் இருந்தும் ஓப்பன்எஸ்எல்ஆர் 65-இல் இருந்தும் கொஞ்சம் துண்டுகள், டேட்டா கோப்புறைக்குள் அதற்கென்று தனி உரிமக் கோப்போடு. இண்டிக்வாய்சஸும் கத்பத்தும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் பராமரிப்பவர் ஒருவர் தன் கணக்கில் ஓட்டிப் பார்க்க. 

இதெல்லாம் இருந்தும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஃப்ளூர்ஸ் வாக்கியங்கள் எழுதி வைத்ததை வாசித்தவை, வானொலிச் செய்தியும் அப்படித்தான். "அண்ணா, சென்ட்ரல் போகணும், மீட்டர் போடுவீங்களா", "பேலன்ஸ் நூத்தி முப்பத்தஞ்சு ரூபா ஜிபே பண்ணிட்டேன்" என்று யாரும் அதில் பேச மாட்டார்கள். பின்னால் பஸ் ஹாரன் இருக்காது, மின்விசிறிச் சத்தம் இருக்காது. சென்னையில் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பேசும் தமிழ் பாதிக்குப் பாதி இப்படித்தான் இருக்கிறது. இதற்கு ஒரு அரை மணி நேரப் பதிவை நீங்களே எடுத்துக்கொள்வது நல்லது. ராயபுரத்தில் ஒருவர், மாம்பலத்தில் ஒருவர், அம்பத்தூரில் ஒருவர், வயதானவர் ஒருவர் கட்டாயம். ஒவ்வொருவரிடமும் எதற்காகப் பதிவு செய்கிறோம், எங்கே வைப்போம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தமிழில் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். குரல் தனிப்பட்ட தகவல், 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. அந்த அரை மணி நேரம் உங்கள் திட்டத்தின் மிக மதிப்புள்ள சொத்தாக இருக்கும். வேறு எங்கேயும் அது கிடைக்காது. வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்திகளை எடுத்துப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

டேட்டாவைத் தேடாமல் உருவாக்கும் வழியும் உண்டு. பைத்தானில் ஹைப்போதிசிஸ் என்ற நூலகம் நீங்கள் சொல்லும் விதிக்குள் விதவிதமான உள்ளீடுகளைத் தானே உருவாக்கிக் கொடுக்கும். தனியாக நிற்கும் கால் குறி, புள்ளிக்கு மேல் புள்ளி என்று மனிதர் தட்டச்சு செய்யவே மாட்டாத வரிசைகளை அது கொண்டுவரும், பல நூலகங்கள் அங்கேதான் விழும். சி, சி++ போன்றவற்றில் எழுதியிருந்தால் கூகுள் 2016-ல் தொடங்கிய ஓஎஸ்எஸ்-ஃபஸ் இருக்கிறது, முக்கியமான கட்டற்ற திட்டங்களுக்கு அவர்கள் மெஷினிலேயே இடைவிடாமல் ஃபஸ்ஸிங் (தாறுமாறான உள்ளீடு கொடுத்து உடைகிறதா என்று பார்ப்பது) ஓட்டிக் கொடுப்பார்கள். உங்களுடையது அந்த அளவுக்குப் பெரிதில்லை என்றால் கிளஸ்டர்ஃபஸ்லைட் என்று ஒன்று, அதை உங்கள் சிஐ-யிலேயே (ஒவ்வொரு திருத்தத்துக்கும் சோதனையைத் தானே ஓட்டும் அமைப்பில்) ஓட்டிக்கொள்ளலாம். எழுத்தைப் பேச்சாக்கும் மாடலை வைத்துச் செயற்கைக் குரல் தயாரித்துப் பேச்சுக் கருவியைச் சோதிப்பதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன், ஒரு மெஷின் பேசுவது இன்னொரு மெஷினுக்குப் புரிகிறது என்பதைத் தாண்டி அதில் எதுவும் தெரியாது.

மெஷின்

பொது ரிப்போ வைத்திருப்பவருக்கு, திருத்தம் வந்ததும் சோதனையைத் தானே ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் முதல் இடம். சாதாரண ரன்னர்கள் (சோதனை ஓடும் மெஷின்கள்) பொது ரிப்போவுக்கு இலவசம், நிமிடக் கணக்கு கிடையாது. லினக்ஸ் ரன்னரில் 4 கோர், 16 ஜிபி ரேம், ஒரு வேலை 6 மணி நேரம் வரை ஓடலாம், விண்டோஸும் மேக்கும் உண்டு. கையில் மேக் இல்லாத நம் மாதிரி ஆட்களுக்கு அது ஒன்றே பெரிய உதவி. ஜிபியு இல்லை. தற்காலிகச் சேமிப்பு ஒரு ரிப்போவுக்கு 10 ஜிபி, வட்டிலும் இடம் குறைவு, 14 ஜிபி அளவுதான் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆக, பெரிய தொகுப்பை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் இறக்குவது நடக்காத காரியம். சிறிய தொகுப்பை ரிப்போவிலேயே வையுங்கள், ஒரு கோப்பு 100 எம்பிக்கு மேல் போனால் கிட்ஹப் ஏற்காது. அதற்கு மேல் உள்ளதை ஒரு ரிலீஸில் இணைப்பாகப் போட்டு, இறக்கியதும் சரிபார்க்க ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணை டெஸ்ட்டிலேயே எழுதிவிடுங்கள். ரிலீஸ் இணைப்பு ஒவ்வொன்றும் 2 ஜிபிக்குள் இருந்தால் போதும். தாம்பரத்து மாணவிக்கும் இதே கோப்பு, இதே கட்டளை.

ஆக்‌ஷன்ஸில் செய்யக் கூடாத ஒன்று வேக சோதனை. அந்த மெஷினைப் பல பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், நேற்று 40 வினாடி எடுத்தது இன்று 55 எடுத்தால் உங்கள் நிரல் மெதுவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வால்கிரைண்ட் என்ற கருவியோடு வரும் கேச்கிரைண்டை வைத்து எத்தனை கட்டளைகள் ஓடின என்று எண்ணலாம், அந்த எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கும். கடிகார நேரமே வேண்டுமென்றால் வேறு யாரும் தொடாத மெஷின் ஒன்று வேண்டும்.

அங்கேதான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவான ரிச்சி தெரு வருகிறது. அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்களை வாங்கி, ரேம் கூட்டி, எஸ்எஸ்டி போட்டுக்கொண்டால் சோதனைக்கு நல்ல மெஷின். பேச்சு மாடலை ஓட்டிப் பார்க்க 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி ஒரு பழைய கார்டு தேடலாம், கடையிலேயே ஒரு கால் மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லி வெப்பத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். செலவைக் கணக்கிடும்போது மின்சாரத்தை விட்டுவிடாதீர்கள். 150 வாட் இழுக்கும் மெஷின் நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 216 யூனிட். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கணக்கே கூடுதல் விலை அடுக்குக்கு மாறிவிடும். மே மாதம் ஏசியும் ஓடும் வீட்டில் இந்த 216 யூனிட் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று போட்டுப் பார்த்துவிட்டு, இரவில் மட்டும் ஓட்டுவதா, வெளியீட்டுக்கு முன் மட்டும் ஓட்டுவதா என்று முடிவு செய்யுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் கார்டு சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது எடுக்கும் வேக அளவுகளை நம்ப முடியாது.

இன்னொன்று, இது முக்கியம். வீட்டு மெஷினைப் பொது ரிப்போவின் செல்ஃப்-ஹோஸ்டட் ரன்னராக இணைக்காதீர்கள். கிட்ஹப்பே அதை வேண்டாம் என்கிறது. யார் வேண்டுமானாலும் ஃபோர்க் செய்து அனுப்பும் நிரல் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் ஓடும் வாய்ப்பு இருக்கிறது, அதே நெட்வொர்க்கில்தான் உங்கள் அப்பாவின் கைப்பேசியும் இருக்கும். திருத்தத்தைச் சேர்த்த பிறகு, முதன்மைக் கிளையை மட்டும், நீங்களே கையால் இறக்கி ஓட்டுங்கள்.

ஜிபியு எப்போதாவதுதான் தேவை என்றால் கேகிள் போதும். ஃபோன் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டால் வாரத்துக்கு 30 மணி நேரம் அளவுக்கு ஜிபியு தருகிறார்கள், கட்டளை வரியில் இருந்தே நோட்புக்கை அனுப்பி ஓட்டி விடையை எடுத்துக்கொள்ளலாம். கூகுளின் கோலாப் இலவச வடிவில் ஜிபியு கிடைக்குமா, எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புதியவருக்கு உங்கள் கருவியைக் காட்ட அது அருமை, ஒரு சுட்டியில் ஓடிவிடும். சோதனைக்கு நான் கேகிளைத்தான் எடுப்பேன், ஒதுக்கீடு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிறது, திட்டமிட முடிகிறது.

ஆரக்கிள் கிளவுடின் நிரந்தர இலவசப் பிரிவில் ஆர்ம் மெஷின் கிடைக்கும், நாள் முழுக்க ஓடும் டெமோ சர்வருக்குப் பொருத்தம். கார்டு கேட்பார்கள், நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியில் ஆர்ம் இடம் காலியில்லை என்ற பதில் அடிக்கடி வரும், சும்மா கிடக்கும் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள். சோதனைக்கு இதை நம்ப வேண்டாம். ஆர்மில் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமென்றால் ஆக்‌ஷன்ஸிலேயே இப்போது பொது ரிப்போவுக்கு ஆர்ம் லினக்ஸ் ரன்னர் இலவசமாக இருக்கிறது.

நம் பக்கம் பலருக்குத் தெரியாத ஒரு இடம் கம்பைல் ஃபார்ம், முன்பு ஜிசிசி கம்பைல் ஃபார்ம் என்று பெயர். கட்டற்ற மென்பொருள் எழுதுபவர் என்று சொல்லி விண்ணப்பித்தால் பவர், ஸ்பார்க், ரிஸ்க்-ஃபைவ், ஆர்ம் என்று பல கட்டமைப்பு மெஷின்களில் தொலைவில் இருந்தே நுழைய எஸ்எஸ்எச் கணக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் அகராதிக் கோப்பை பைனரி வடிவில் சேமித்துப் படிக்கிறீர்களா? அப்படியென்றால் பைட் வரிசை தலைகீழாக இருக்கும் ஒரு மெஷினில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும், டெபியன் போன்றவற்றில் சேர்க்கும்போது அங்கேதான் அடி விழும். பணம் கொடுத்தாலும் சுலபத்தில் கிடைக்காத வசதி இது. பொது மெஷின் என்பதால் தனிப்பட்ட டேட்டா எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது, நீண்ட நேரம் எல்லாக் கோரையும் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது.

இந்தியாஏஐ மிஷன் என்று 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ரூ. 10,300 கோடிக்கு மேல் ஒதுக்கிய திட்டத்தில் மானிய விலையில் ஜிபியு தருகிறார்கள், மாணவர்களும் ஸ்டார்ட்அப்களும் விண்ணப்பிக்கலாம். திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுள்ள பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது, அங்கே படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டும் மாடல் பயிற்றுவிப்பது மாதிரியான பெரிய வேலைகளுக்கானவை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓட வேண்டிய சோதனைக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பது ஒத்துவராது. காசு கொடுத்து மணிக்கணக்கில் எடுக்கும் கிளவுட், வெளியீட்டுக்கு முன் ஒரு மாலை நேரம் பெரிய ஜிபியு வேண்டும் என்ற நிலையில் நியாயமான வழிதான். சர்வர் சிறுசேரியில் இருக்கிறதா மும்பையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, இந்த வேலைக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை, விலை குறைந்த பகுதியை எடுங்கள். வேலை முடிந்ததும் மெஷின் தானே அணையும்படி ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை என்பது பொதுவாக மின்னஞ்சல் அனுப்பும், மெஷினை நிறுத்தாது.

எதை எடுப்பது

எழுத்து சார்ந்த கருவி என்றால், இயல்பாக்கம், பிழைதிருத்தி, குறியீடு மாற்றி எதுவானாலும், ஆக்‌ஷன்ஸ் ஒன்றே போதும். நீங்களே தேர்ந்தெடுத்து எழுதிய சில நூறு வரிகள், விக்கிப்பீடியாவில் இருந்தும் மதுரைத் திட்டத்தில் இருந்தும் கொஞ்சம், ஹைப்போதிசிஸ். ஜிபியுவைத் தேடி ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம். பைனரி வடிவம் ஏதாவது இருந்தால் வருடத்துக்கு ஓரிரு முறை கம்பைல் ஃபார்ம்.

ஓசிஆர் என்றால் விக்கிமூலத்தின் பச்சைப் பக்கங்களில் வெவ்வேறு காலத்து, வெவ்வேறு அச்சகத்து நூல்களாகப் பார்த்து ஐம்பது, அறுபது பக்கம் எடுத்து ஆக்‌ஷன்ஸில் ஓட்டுங்கள், டெசராக்ட் மாதிரியான ஓசிஆர் என்ஜின் சிபியுவிலேயே ஓடிவிடும். பழைய லை, னை வடிவங்கள், எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னா எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கிறதா என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கல்விக்கழக ஸ்கேன்களில் இருந்து நாலைந்து பக்கம் எடுத்துக் கையால் தட்டச்சு செய்து சேருங்கள்.

பேச்சு என்றால் மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்வேன். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் ஆக்‌ஷன்ஸில், சிபியுவில், சிறிய மாடலை வைத்து இரண்டு, மூன்று நிமிட ஆடியோ. வாரம் ஒரு முறை கேகிளில் ஃப்ளூர்ஸின் தமிழ்ச் சோதனைப் பகுதி முழுவதும், கூடவே நீங்கள் சென்னையில் பதிவு செய்த அரை மணி நேரமும். வெளியீட்டுக்கு முன் இண்டிக்வாய்சஸ், வீட்டு மெஷின் இருந்தால் அதில், இல்லையென்றால் கேகிளிலேயே. விடையைச் சொல் பிழை விகிதத்தில் மட்டும் பார்க்காமல் எழுத்துப் பிழை விகிதத்திலும் பாருங்கள். தமிழில் "போகவேண்டும்" என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், "போக வேண்டும்" என்று பிரித்தால் இரண்டு. கருவி சரியாகக் கேட்டிருந்தும் இடைவெளிக்காக மதிப்பெண் இழக்கும், அதைச் சரிசெய்யப் போய் உண்மையான பிழையைத் தவறவிடுவீர்கள்.

எந்த வழியாக இருந்தாலும் கேகிள் கணக்கு, ஹக்கிங் ஃபேஸ் டோக்கன், ஜெனோடோ பதிவு எல்லாம் ஒரே ஆளின் பெயரில் கிடக்க விடாதீர்கள். அந்த ஒருவருக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும், ஊர் மாறும், வெளியீட்டுச் சோதனை அதோடு நின்றுவிடும். குறைந்தது இரண்டு பேர் தங்கள் கணக்கில் தனித்தனியாக ஓட்டி ஒரே விடை வருகிறதா என்று பார்த்து, எந்தப் பதிப்பு டேட்டா, எந்த மெஷின், என்ன மதிப்பெண் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் அதில் இருந்து தொடங்கிக்கொள்வார்.